பேருந்துக்குள் வைத்த பொரி

கவிதா போன வாரம் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிள்ளான் டெப்போவுக்கு இப்போது அவர்தான் பொறுப்பாளர். "அங்கிள், புதுசா ஆறு எலெக்ட்ரிக் வேன் வந்து ஸ்டோர்ல நிக்குது. வெளிய எடுக்க இன்னும் அப்ரூவல் வரல. அதுக்குள்ள எலி பூந்து வயரக் கடிச்சிருச்சு. நீங்கதான் எலி எக்ஸ்பர்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம செய்தி மடலுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க லா. நல்ல நல்ல அனுபவமா எழுதுங்க. கோட்டு போட்ட போட்டோ ஒண்ணும் வேணும்."

என்னிடம் கோட்டு கிடையாது. நல்ல நல்ல அனுபவமும் அதிகம் கிடையாது. இருப்பதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்கவில்லை என்று நடுவில் வெட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நான் அந்தோணி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அப்பாவுக்கு ரயில், எனக்கு வண்டி. தோட்டப்புறத்து மக்களுக்குச் சேவை செய்ய என்று ஏற்படுத்திய ஒரு வாரியத்தில் வாகனக் காப்பாளராக முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். வாரியத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப் போவது ஒன்றும் இல்லை.

வாகனக் காப்பாளர் என்றால் ஓட்டுநர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வண்டி ஓடாமல் நிற்கும்போது அதைப் பார்த்துக்கொள்பவன். எங்கள் வாரியத்தில் வண்டி வாங்குவது ஒரு பிரிவு, ஓட்டுவது இன்னொரு பிரிவு. இரண்டு பிரிவும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் வண்டி என்னிடம் இருக்கும். சில வண்டிகள் ஓடிய நாளைவிட என்னிடம் நின்ற நாள் அதிகம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அம்பாங்கில் ஒரு ஹோட்டல், குளுகுளு அறை, மூன்று வேளையும் சாப்பாடு. பயிற்சியாளர் எலியின் படத்தைத் திரையில் காட்டி "இதுதான் எலி" என்றார். சான்றிதழ் கொடுத்தார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள், பயிற்சி முடிந்தது. எலியைப் பற்றி நான் கற்றதெல்லாம் எலியிடம்தான். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். டயர் வழியாக ஏறும், கேபிள் வழியாகவும் ஏறும். ஏர்கண்டிஷன் காற்று வரும் பாதைக்குள் கூடு கட்டும். அதற்கு இருட்டு வேண்டும், அமைதி வேண்டும், கொஞ்சம் தீனி வேண்டும். அரசாங்க ஸ்டோரில் முதல் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும்.

பண்டான் இலை வைத்துப் பார்த்தோம். டாக்சிக்காரர்கள் கரப்பானுக்கு வைப்பார்களே, அது. வண்டி மணத்தது. எலிக்கும் அந்த மணம் பிடித்திருந்தது. அப்புறம் தலைமையகத்தில் இருந்து ஒலி எழுப்பும் கருவி ஒன்று அனுப்பினார்கள். மனிதர் காதுக்குக் கேட்காதாம், எலி அலறிக்கொண்டு ஓடுமாம். ஒரு மாதம் கழித்துச் சுத்தம் செய்யத் திறந்தபோது அந்தக் கருவியின் அடியில் ஆறு எலிக்குஞ்சு இருந்தது. கருவி கொஞ்சம் சூடாக இருக்கும் அல்லவா, அதனால் தாய்க்காரி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

இப்படி இருந்த டெப்போவுக்குத்தான் திரு. கனகசபை போக்குவரத்து அதிகாரியாக வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் இருந்து அரசாங்க உத்தியோகம். சட்டைக் கை மணிக்கட்டு வரை, நெற்றியில் மூன்று கோடு திருநீறு, பையில் ஒரு டார்ச், ஒரு ஆறங்குல ஸ்கேல், மடித்த வெள்ளைக் கைக்குட்டை. காலையில் வந்ததும் யாருக்கும் குட் மார்னிங் சொல்வதற்கு முன் கைக்குட்டையால் ஒரு டயரைத் துடைத்துப் பார்ப்பார். கறுப்பு ஒட்டியிருந்தால் "என்ன காணும் அந்தோணி, இது டயரோ, கரிச்சட்டியோ?" என்பார். டயர் கறுப்பாகத்தான் இருக்கும் என்று ஒருநாள் சொன்னேன். "கறுப்பு வேற, அழுக்கு வேற. விளங்குதோ?" என்றார். விளங்கியது என்றேன்.

அவருடைய தமிழ் சுத்தமான தமிழ். கோயில் திருவிழா மலர் அச்சுக்குப் போவதற்கு முன் அவரிடம்தான் பிழை திருத்தப் போகும். சிவப்புப் பேனாவை எடுத்தார் என்றால் எழுதினவர் அழுதுவிடுவார். மதிய நேரத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்து, எந்த 'ர' எங்கே வர வேண்டும், எந்த 'ற' எங்கே வரக் கூடாது என்று வகுப்பு எடுப்பார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவன், ஓரளவு தப்பித்தேன். ஸ்டோர் கிளார்க் சரசு மதியம் வந்தாலே கழிவறைக்குப் போய்விடுவார்.

நிறுத்தி வைக்கும் வண்டியில் எலி புகாமல் இருக்க அவர் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வழிமுறை எழுதினார். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். அது நல்ல வழிமுறை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வண்டியை உள்ளும் புறமும் கழுவிக் காயவைத்து நிறுத்த வேண்டும். இருக்கைக்கு அடியில் ஒரு பிஸ்கட் தூள் இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் குழாய் வாயில் இரும்புப் பஞ்சு அடைத்து, அதில் சிவப்பு நாடா கட்டித் தொங்கவிட வேண்டும், எடுக்க மறந்துவிடாமல் இருக்க. காற்றுப் பாதைக்குக் கம்பி வலை. போனட்டைத் திறந்தே வைக்க வேண்டும், வெளிச்சம் இருந்தால் எலி கூடு கட்டாது. டயரைச் சுற்றித் தரையில் முகப்பவுடர் தூவ வேண்டும், கால்தடம் தெரிய. சுவரோரமாகப் பொறி, இரை இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலிக் கருவாடு. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டி, வண்டியை ஒரு முழமாவது நகர்த்த வேண்டும்.

இவ்வளவும் எழுதிய மனிதர் பதின்மூன்றாவது பக்கமாக ஒன்றை வாயால் சொன்னார். வெள்ளிக்கிழமையும் சதுர்த்தியும் பொறியைத் தட்டிவிட்டு வைக்க வேண்டும். "பிள்ளையாரின்ட வாகனம் காணும். அந்த நாளில உயிர் போகக் கூடாது." எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நாங்களும் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத குடும்பம்தான். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் பொறியைத் தட்டிவிட்டால் திங்கட்கிழமை காலை வரை அப்படியே கிடக்கும், சனி ஞாயிறு விடுமுறை. எலிக்கு வாரத்தில் மூன்று நாள் முழுப் பாதுகாப்பு. நெத்திலியும் இலவசம்.

இனி அந்தப் பேருந்து கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், சரஸ்வதி பூசைக்கு மூன்று நாள் முன்னால், நடமாடும் பல் மருத்துவப் பேருந்து ஒன்று வந்து இறங்கியது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும் பல் பார்க்கும் பேருந்து. உள்ளே இரண்டு நாற்காலி, எக்ஸ்ரே கருவி, தண்ணீர்த் தொட்டி. சுவரில் பெரிய சிரிக்கும் பல் படம். மறுநாளே ஓட்டியிருக்கலாம். ஆனால் ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதர் வர வேண்டும், அவருக்கு நாள் கிடைக்கவில்லை. நாள் கிடைக்கும் வரை அந்தோணி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ரிப்பன் வெட்டும் முன் சாவியைத் திருப்பக் கூடாது என்றதால் வாரா வாரம் எஞ்சின் ஓட்டுவதும் இல்லை.

ஆயுத பூசை அன்று கனகசபை ஐயா பேருந்துக்குத் தனிப் பூசை போட்டார். சந்தனம், குங்குமம், மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். எல்லாம் முடிந்து கற்பூரம் காட்டியபின், பொரி, அவல், கடலை, வெல்லம் போட்டுக் கட்டிய ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தார். அதன் மேல் பிள்ளையார் படம் ஒன்றைச் செருகி, டிரைவர் சீட்டுக்கு முன்னால் டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்து மூடினார். "பேருந்து முதல் ஓட்டம் ஓடி முடியும் வரைக்கும் இது இதுக்குள்ளயே இருக்க வேணும். ஒருத்தரும் தொடக் கூடாது. விளங்குதோ?"

எல்லோருக்கும் விளங்கியது. நான் என் சொந்த நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். முப்பத்திரண்டு வருடமும் தினமும் எழுதிய நோட்டு அது. 'கேபினில் பொரி வைக்கப்பட்டது. ஓடும்வரை எடுக்கக் கூடாது, ஐயா உத்தரவு.' நாள் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ரிப்பன் வெட்டுகிறவர் ஒரு வாரத்தில் வந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் வர எட்டு மாதம் ஆனது.

மூன்றாம் நாள் காலையே பாக்கியம் என்னிடம் வந்தார். பாக்கியம் டெப்போவின் கிளீனர். ஒப்பந்தக் கம்பெனி ஆள், எங்கள் வாரியத்து ஆள் இல்லை. கிள்ளானிலேயே, டெப்போவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கு மதியம் ஓடிப்போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடி வருவார். அந்த இரண்டு தெருதான் அவருக்கு அந்த வேலையின் முழு மதிப்பும்.

"அண்ணே, பஸ்ஸுக்குள்ள பொரி இருக்கு. எடுத்துரவா?"

"கை வைக்காத பாக்கியம். சாமி சமாச்சாரம்."

"சாமிக்குப் படைச்சத அன்னிக்கே எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டு முடிச்சிரணும் அண்ணே. பெட்டிக்குள்ள பூட்டி வெச்சா அது பிரசாதம் இல்ல. எலிக்குத் தீனி."

"ஐயா சொல்லிட்டார்ல. விடு."

அவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஏன் எடுக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். பயம்தான். நான் வேதக்காரன். எங்களுக்கும் பூசை உண்டு, ஆனால் அது வேறு பூசை. 'அந்தோணி சாமிப் பொருளைத் தூக்கி எறிஞ்சிட்டான்' என்று ஒருவர் சொன்னால் போதும், முப்பத்திரண்டு வருட மரியாதை காற்றில் போய்விடும். சரசுவிடம் கேட்டேன். சாமிக்கு வைத்ததை எடுத்தால் தோஷம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிரைவர் ஹாலிம் மற்றவர் மதத்தில் கை வைக்கத் துணிச்சல் இல்லை என்று மலாயில் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். மெக்கானிக் ஆ செங் பெட்டியைத் திறந்து பார்த்து, பிள்ளையார் படத்துக்கு இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டு, "சாமி திங்ஸ் ஐ டோன்ட் டச் லா" என்று மூடிவிட்டார். நான்கு மதத்துக்காரர்கள் ஒரு பொட்டலத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தோம். நாட்டு ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது. எந்த மதத்திலும் சேராத எலி மட்டும்தான் உள்ளே போனது.

வாரா வாரம் பரிசோதனைப் படிவம் நிரப்ப வேண்டும். மலாயில் பதினான்கு கேள்வி. ஆறாவது கேள்வி, வாகனத்துக்குள் மக்கானான், அதாவது உணவு, இருக்கிறதா இல்லையா. முதல் வாரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிரசாதம் உணவா? உணவு என்று எழுதினால் சாமிக்கு அவமரியாதை, ஐயாவுக்கும் அவமரியாதை. 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன். இரண்டாவது வாரம் யோசிக்காமல் போட்டேன். எட்டு மாதம் போட்டேன்.

நான்காவது மாதம் பவுடரில் கால்தடம் தெரிந்தது. ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து டார்ச் அடித்து, ஸ்கேல் வைத்து அளந்தார். "பல்லி" என்றார்.

"ஐயா, வால் இழுத்த கோடு கூட இருக்கு."

"பல்லிக்கு வால் இல்லையோ? நம்மட வழிமுறைப்படி நடந்தா எலி வர ஏலாது காணும். வந்தது பல்லி எண்டு எழுதும்." எழுதினேன்.

கடைசியில் பெரிய மனிதருக்கு நாள் கிடைத்தது. பந்தல் போட்டார்கள். ரிப்பன் கட்டினார்கள். ஒரு தோட்டத்தில் இருந்து நாற்பது பிள்ளைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார வைத்தார்கள், கையில் ஆளுக்கொரு பல் துலக்கும் பிரஷ். பெரிய மனிதர் ரிப்பனை வெட்டினார். சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார். சுவரில் சிரிக்கும் பல்லைச் சுற்றி இருந்த விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. டாஷ்போர்டில் இருந்து கொஞ்சம் புகை வந்தது. அப்புறம் ஒரு சுண்டெலி இறங்கி, ரிப்பனைத் தாண்டி, சிவப்புக் கம்பளம் வழியாகவே நடந்து போனது. நாற்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு அங்கம் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

ஆ செங் டாஷ்போர்டைக் கழற்றினார். வயர் ஒன்று பாக்கி இல்லை. எக்ஸ்ரே கருவிக்குப் போகும் கேபிள் வரை கடித்திருந்தது. பொட்டலம் இருந்த இடத்தில் கிழிந்த காகிதமும் புழுக்கையும். பிள்ளையார் படத்தை மட்டும் தொடவில்லை. பல் மருத்துவப் பேருந்தில் நல்ல பல் இருந்தது எலிக்கு மட்டும்தான் என்று ஆ செங் சொன்னார். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகள் பிரஷ்ஷோடு அதே லோரியில் திரும்பிப் போனார்கள். பேருந்து சரியாகி அவர்கள் தோட்டத்துக்குப் போக இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று.

மறுநாளே யார் தப்பு என்று தேட ஆரம்பித்தார்கள். முதலில் அகப்பட்டது பாக்கியம். பேருந்துக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் நாசி லெமாக், அதாவது வாழையிலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறு, சாப்பிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு ஓடி மாமியாருக்கு ஊட்டிவிட்டு வந்தால், தான் சாப்பிட அவருக்கு மிச்சம் இருப்பது ஐந்து நிமிடம். அந்தப் படிக்கட்டோரம் ஒரு வாழையிலைத் துண்டு கிடைத்ததாம். கனகசபை ஐயா அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நாள் எழுதி ஒட்டினார். ஒப்பந்தக் கம்பெனிக்குப் புகார் போனது. கம்பெனி மறுகேள்வி கேட்கவில்லை. பாக்கியத்தை அந்த வாரமே காஜாங்கில் ஒரு ஆபீஸ் கட்டடத்துக்கு மாற்றிவிட்டது, விசாரணை முடியும் வரை என்று சொல்லி.

விசாரணைக்குத் தலைமையகத்தில் இருந்து புவான் ரொஹானி வந்தார், புவான் என்றால் திருமதி. கண்ணாடி போட்ட அமைதியான அம்மா. என் படிவங்களை எல்லாம் வாங்கிப் பார்த்தார். நோட்டையும் வாங்கிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் சாட்சி என்பதால் நானே படித்துச் சொல்லக் கூடாதாம். கனகசபை ஐயாவைப் படித்து மலாயில் மொழிபெயர்க்கச் சொன்னார்.

ஐயா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூசை நாளின் பக்கத்தைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு "கேபினில் பெராங்காப் வைக்கப்பட்டது. ஓடும்வரை எடுக்கக் கூடாது, அதிகாரி உத்தரவு" என்றார்.

பெராங்காப் என்றால் எலிப்பொறி.

புவான் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கேபினுக்குள்ளேயே பொறி வைத்து, எடுக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டிருக்கிறார் அதிகாரி. அப்படியானால் அவர் பக்கம் தப்பு இல்லை. ஐயா நோட்டை மூடி மேசை மேல் வைத்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். திருவிழா மலரில் ஒரு 'ற' தப்பினால் அச்சகத்துக்கே போய்ச் சண்டை போடுகிற மனிதர். கண் சரியாகத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயார், அவர் சொன்னால் நம்ப மாட்டேன்.

நான் பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது பொறி என்றால், ஆறாவது கேள்விக்கு நான் எட்டு மாதம் போட்ட சரியும் சரிதான்.

அடுத்து பாக்கியத்தை உள்ளே கூப்பிட்டார்கள். காஜாங்கில் இருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். சீருடை மாற்றவில்லை. புவான் மலாயில் நிதானமாகக் கேட்டார். பேருந்துக்குள் எப்போதாவது உணவு எதையாவது பார்த்தீர்களா?

பாக்கியம் என்னைப் பார்த்தார். என் முன்னால் மேசையில் பரப்பியிருந்த படிவங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

"தாடா, புவான்" என்றார். இல்லை என்று அர்த்தம்.

புவான் அதையும் எழுதினார். வண்டிக்குள் உணவு இல்லை, பொறியும் இருந்திருக்கிறது, அப்படியானால் எலி வந்தது வெளியே சிந்திய சோற்றுக்குத்தான். கணக்கு நேராகப் போய் பாக்கியத்தின் தலையில் விழுந்தது. அவருக்கும் அது தெரிந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தார். வெட்கம் என்றால் என்ன என்று அந்த வயதில் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"புவான், அது பெராங்காப் இல்லை. பெர்த்தே" என்றேன்.

பெர்த்தே என்றால் பொரி. மலாய்க்காரர்கள் சடங்கில் தூவுவார்கள், புவானுக்குத் தெரியாமல் இருக்காது. "எப்படி இரண்டும் ஒன்றாகும்?" என்று கேட்டார். எழுந்து போய் வெள்ளைப் பலகையில் இரண்டையும் எழுதினேன். பொரி. பொறி. சின்ன ரகரம் போட்டால் சாப்பிடுவது, பெரிய றகரம் போட்டால் பிடிப்பது. வாயால் சொன்னால் எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான். என் நோட்டில் இருப்பது சின்ன ரகரம். புவான் நோட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரிந்தது.

"யார் வைத்தது?"

ஐயா எழுந்து நின்றார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். "நான்தான் வைத்தேன். ஆனால் அது உணவு அல்ல, புவான். கடவுளுக்குப் படைத்தது. எங்களுக்கு அது உணவு அல்ல."

புவான் கொஞ்சம் யோசித்தார். "எலிக்கு?" என்று கேட்டார்.

ஐயா உட்கார்ந்தார்.

ஆறாவது கேள்விக்குத் தவறாகச் சரி போட்டவன் நான் என்றும் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோது என் கோப்பில் ஏறிய ஒரே கறை. கனகசபை ஐயாவை ஒரு குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள், படிவத்தைத் திருத்த. இப்போது படிவத்தில் பதினைந்தாவது கேள்வி இருக்கிறது, 'சமயம் சார்ந்த, கெட்டுப்போகக்கூடிய பொருள் உண்டா?' என்று. எனக்குக் கொடுத்த வழியனுப்பு விருந்தில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உமக்குத் தமிழ் நல்லாத்தான் வருது காணும்" என்றார். பாராட்டா, வேறு எதுவுமா என்று நான் கேட்கவில்லை.

அறிக்கை வந்து சேர ஆறு வாரம் ஆனது. அதில் பாக்கியத்தின் மேல் தப்பு இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒப்பந்தக் கம்பெனிக்குப் போனேன். கிள்ளானுக்கு வேறு ஆள் போட்டாயிற்று, புகார் வந்த ஆளைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம் இல்லை என்றார்கள். தப்பு இல்லை என்றுதானே இதில் இருக்கிறது என்றேன். தப்பு இல்லை, ஆனால் புகார் வந்தது வந்ததுதானே அங்கிள் என்றார் அங்கிருந்த பெண்.

மறுநாள் காஜாங்குக்கு ரயில் ஏறினேன். கிள்ளானில் ஏறி, சென்ட்ரலில் மாறி, மறுபடி நின்றுகொண்டே போனேன். அவர் தினமும் போகிற வழி. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாக்கியம் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியாரை மதியம் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சில நாள் அந்தப் பெண் மறந்துவிடுகிறாளாம்.

அறிக்கையைப் பிரித்து, அவரைப் பற்றிய வரியை மலாயில் படித்துத் தமிழிலும் சொன்னேன். கிளீனருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "பொரிய எடுத்துரலாம்னு நான் சொன்னேனே அண்ணே. அது எங்க போட்டிருக்கு?"

எனக்குத் தெரியும், இல்லை என்று. இருந்தாலும் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினேன்.

"இல்ல பாக்கியம்."

"நீங்க சொல்லலயா அண்ணே?"

எழுத்தைத் திருத்தினேன், ஐயா வைத்ததைச் சொன்னேன், தவறாகச் சரி போட்டதைச் சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை. கிளீனருக்குத் தெரிந்தது காப்பாளருக்குத் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொல்லல" என்றேன்.

"சரி அண்ணே. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் கதவின் மறுபக்கத்தைத் துடைக்கப் போனார்.

அறிக்கையில் இல்லாததை இங்கே எழுதுகிறேன். பேருந்துக்குள் பொரி வைத்த மூன்றாம் நாள் காலை, அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எலி வரும் என்று கிளீனர் பாக்கியம் சொன்னார். கை வைக்காதே என்று சொன்னது நான்.